ராஜா விழுந்த இடம்

சங்கரன்கோவில்
3 ஆகஸ்ட் 2025

மாட்சிமை தங்கிய கிளியம்மாள் மகாராஜாவுக்கு, கோட்டை வாசல் காவலாள் செல்வலட்சுமி கும்பிட்டு எழுதுவது.

இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை, சண்டைக் கடிதம். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நீ சௌக்கியமா? உன் வீட்டுக்காரர் முனிரத்தினம் அண்ணன் சௌக்கியமா? மண்ணூரில் மழை உண்டா?

சரி, சண்டைக்கு வருகிறேன். போன தீபாவளியிலிருந்து உனக்குப் போன் செய்கிறேன். ஒன்று, மணி அடித்து அடித்து ஓய்கிறது. இல்லையென்றால் நீயே வெட்டிவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் "என்னடி ஆச்சு?" என்று கேட்டால் ஒரு கட்டைவிரல் வருகிறது. பொங்கல் வாழ்த்து அனுப்பினேன், அதற்கும் கட்டைவிரல். என் மாமியார் தவறிய செய்தியைச் சொன்னேன், கும்பிட்ட இரண்டு கை வந்தது. கல்லூரி ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டில் சோறு காய்ந்துபோகிறவரை பேசிக் கொன்றவள் நீ. உன்னிடமிருந்து எனக்குக் கட்டைவிரலா? நான் என்ன தப்பு செய்தேன் என்று சொல்லிவிட்டாவது கோபப்படு.

கட்டைவிரலுக்குப் பதில் எழுத எனக்குத் தெரியாது. அதனால் தபாலாபீஸ் போய்க் கவர் வாங்கி வந்தேன்.

ஒரு காரியமும் இருக்கிறது. சுகப்பிரியா என்று என்னிடம் கபடி ஆடிய பிள்ளை. டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்தில் செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். நீ நடத்துகிற ஹாஸ்டலில் அவளுக்கு ஓர் இடம் கொடு. கொஞ்சம் வாய் நீளம், மனசு தங்கம்.

போன வாரம் மழை வந்து கிரவுண்டில் இறங்க முடியவில்லை. பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைத்து நம் கதையைச் சொன்னேன். "பி.டி. டீச்சர் கதை விடுதாவ" என்று ஒருத்தியும் நம்பவில்லை. நீயே சரிபார்த்துச் சொல்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம். சென்னையில் கல்லூரிகளுக்கிடையே நாடகப் போட்டி. நம்முடையது பெண்கள் கல்லூரி என்பதால் ராஜா, மந்திரி, திருடன் எல்லாரும் பெண்கள்தான். நீ ராஜா. வேறு யாரைப் போடுவார்கள்? நீ மேடையில் "யாரங்கே!" என்று குரல் கொடுத்தால் வெளியே பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் விளையாட்டுக் கோட்டாவில் தெற்கேயிருந்து வந்த கபடிக்காரி. மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். உயரமாக இருக்கிறாளே என்று கையில் ஈட்டியைக் கொடுத்து வாசலில் நிறுத்திவிட்டார்கள். வசனமே கிடையாது.

அன்று காலையில் எனக்கு ஓர் ஆட்டம் இருந்தது. களத்தின் மூலையில், கார்னரில் நின்று, கபடி பாடி வருகிறவர்களின் கணுக்காலைப் பிடித்துப் பிடித்துப் போட்டுவிட்டு, முழங்காலில் மண்ணோடு மேடைக்கு வந்தேன். கடைசிக் காட்சி. நாட்டில் எல்லாரும் தூங்கிவழிகிறார்களே என்று நொந்துபோன ராஜா கோட்டை வாசலுக்கு வருகிறார். காவலாளின் தோளைத் தொட்டு, "நீயுமா தூங்குகிறாய்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும். நீ தொட்டாய், திரும்பினாய். தொட்டுவிட்டுத் திரும்புகிற காலை விடக் கூடாது என்பது என் உடம்பில் ஊறியது. ஈட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து உன் கணுக்காலைப் பிடித்துவிட்டேன். ராஜா குப்புற விழுந்தார். கிரீடம் உருண்டு நடுவர்களின் மேசைக்கடியில் போய்விட்டது.

பின்வரிசைக்காரர்கள் எட்டிப்பார்க்க எழுந்து நின்றார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. நீ மட்டும் மெதுவாகப் புரண்டு மல்லாந்து படுத்து, மேலே பார்த்துச் சொன்னாய்: "ஆகா! நாட்டில் ஒருவனாவது விழித்திருக்கிறான். இனி நான் தூங்குவேன்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். திரை விழுந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. நாடகத்தை எழுதின தமிழ் மேடம், தான் எழுதின முடிவே அதுதான் என்று நடுவர்களிடம் சாதித்துவிட்டார். கோப்பை நமக்கு.

இத்தனை வருஷம் கழித்தும் இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்குப் புல்லரிக்கிறது. விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமலே ஜெயித்த ஒருத்தியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவள் என் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள்.

பதில் போடு. மறுபடியும் கட்டைவிரல் அனுப்பினால் நேரில் வந்து ஒடித்துவிடுவேன்.

உன் காவலாள்,
செல்வி


மண்ணூர்
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செல்வி,

உன் கவர் வந்ததும் ஹாஸ்டலே கூடிவிட்டது. தபாலில் வந்தால் கோர்ட் நோட்டீஸாகத்தான் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் வெளிறிப்போனார். "இன்னாமே, இந்தக் காலத்துல யாரு கடுதாசி போடறது?" என்றார். உன் பெயரைக் காட்டியதும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

உன் கதையில் ஒரு பிழை. கிரீடம் மேசைக்கடியில் போகவில்லை. நடுவராக வந்திருந்த வழுக்கைத் தலைக்காரரின் மடியில் போய் விழுந்தது. அவர் அதைத் தன் தலையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார். பிள்ளைகளிடம் திருத்திச் சொல்.

சுகப்பிரியா வந்துவிட்டாள். இரண்டாவது மாடியில் ஜன்னலோரம் கொடுத்திருக்கிறேன். இங்கே மூன்று மாடியிலும் பெண்கள்தான், பாதிக்குமேல் உங்கள் பக்கத்துப் பிள்ளைகள். ஒரு ஷிப்ட் போகும், ஒரு ஷிப்ட் வரும். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால் மாடிப்படி அதிரும்.

உன் பிள்ளை வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, பக்கத்துக் காலி மனையில் காலாலேயே கோடு கிழித்துவிட்டாள். தணிகாசலம் என்கிற டிரைவர் தன் டிரெய்லர் லாரியை நிறுத்துகிற மனை அது. லாரி வெளியே போயிருக்கும்போதெல்லாம் அது கபடிக்களம். நாள் முழுவதும் லைனில் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் பாய்கிறார்கள். இந்தத் தெம்பு எங்கேயிருந்து வருகிறது என்று வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறேன். ஹைவேயில் போகிற வண்டிச் சத்தத்தை மீறி "கபடி கபடி" கேட்கிறது. அதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ செய்துவிட்டது, அதை விடு.

ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காத பிள்ளைகள் இங்கேயே விழா வைக்கப்போகிறார்களாம். டிரெய்லர்தான் மேடை. உன் மாணவி, நீ எப்போதோ சொன்ன நம் ராஜா கதையை எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். அந்த நாடகத்தைப் போட வேண்டுமாம், நான்தான் ராஜாவாம். நல்ல கூத்து. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பதோடு நான் சரி.

போன் விஷயம். இங்கே இருக்கிற சத்தத்தில் மணி கேட்பதில்லை, சார்ஜரும் சரியில்லை. உன்மேல் எனக்கு என்னடி கோபம்? உன் மாமியார் போன செய்திக்கு நான் இரண்டு வரியாவது எழுதியிருக்க வேண்டும், மனசில் வைத்துக்கொள்ளாதே. இப்படிக் கடிதமே போடு. இதுதான் நன்றாக இருக்கிறது.

அன்புடன்,
கிளி


சங்கரன்கோவில்
27 ஆகஸ்ட் 2025

அடியே கிளியம்மா,

ராஜா பட்டத்தைப் பறித்துவிட்டேன். சார்ஜர் சரியில்லையாம்! பொய் சொல்கிறவள் கொஞ்சம் நல்ல பொய்யாகச் சொல்லக் கூடாதா?

சுகப்பிரியா நேற்றுப் போன் செய்தாள். "டீச்சர், அந்த அம்மா ரொம்ப நல்லவ்வோ. ஆனா ஒரு வார்த்த பேச மாட்டாவ. கழுத்துல எப்பவும் துணி கட்டிருக்காவ. சாப்பாட்டுக்குத் தட்டத் தட்டித்தான் கூப்பிடுதாவ. தொண்டையில பெரிய ஆப்பரேசனாம்லா, ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று அந்தச் சின்னப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தெரியும் என்று சொன்னேன்.

போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உனக்கு வந்த நோய்க்காக அழுதேன். அதைவிட, என்னிடம் மறைத்துவிட்டாயே என்று அழுதேன். மாமியார் சாவுக்கு இரண்டு கை அனுப்பினாயே, அப்போது நீ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தாயா? நான் இங்கே உட்கார்ந்து, கொழுப்பெடுத்தவள் என்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேனே.

எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. அந்தப் பல்கலைக்கழக இறுதி ஆட்டம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. நம் அணியில் ஒருத்திக்குக் கால் பிசகிவிட்டது. ஆள் குறைகிறதே என்று விளையாட்டு மேடம் பட்டியலில் சும்மா எழுதிவைத்திருந்த பெயர் உன்னுடையது. வேடிக்கை பார்க்க வந்தவளுக்குப் பனியனை மாட்டி இறக்கினோம். "ஓரமா நில்லு, ஒண்ணுஞ் செய்யாத" என்று சொன்னேன். நீ கேட்டாயா? பாடப் போகிறேன் என்று நடுக்கோட்டைத் தாண்டிவிட்டாய்.

ஒரே மூச்சு. "கபடி" என்ற சொல்லை நீ சொன்ன விதம் இருக்கிறதே, படையெடுப்பை அறிவிக்கிற மாதிரி சொன்னாய். எதிரணிப் பெண்கள் உன் காலைப் பார்க்காமல் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ ஒருத்தியையும் தொடவில்லை, தொடவும் உனக்குத் தெரியாது. ராஜநடையாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூச்சு அறாமல் திரும்பி வந்தாய். அம்பயர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ரிக்‌ஷாக்காரர் "இன்னா கொரலு நைனா இது!" என்று கத்தினார். ஆட்டத்தில் தோற்றுப்போனோம். ஆனால் ஜெயித்தவர்கள்கூட உன்னைப் பற்றியேதான் பேசிக்கொண்டு போனார்கள்.

அந்தக் குரல் போய்விட்டதென்றால் போகட்டும். அது யாரிடம் இருந்ததோ அவள் எனக்கு வேண்டும். ஆயுத பூஜைக்கு வருகிறேன். நாடகம் போடுகிறோம். நீதான் ராஜா.

செல்வி


மண்ணூர்
8 செப்டம்பர் 2025

செல்வி,

வராதே.

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். போன வருஷம் குரல் கரகரத்தது. பெண்களை அதட்டி அதட்டித் தொண்டை கட்டியிருக்கும் என்று மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உயிரா குரலா என்று கேட்கிற நிலைக்கு வந்துவிட்டது. உயிர்தான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் இருக்கிற துளை வழியாகத்தான் மூச்சு. சாம்பார் வாசம் தெரியாது. மெழுகுவத்தியை ஊதி அணைக்க முடியாது. தும்மல்கூடக் கழுத்தில்தான் வருகிறது.

பிறகு ஒரு சின்ன வால்வு வைத்தார்கள். துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு பேசினால் ஏதோ ஒரு சத்தம் வரும். அதனால் கட்டைவிரலைத் திட்டாதே, இப்போது அதுதான் எனக்கு நாக்கு. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிப்பார்த்தேன். தகர டின்னைச் சிமெண்டுத் தரையில் இழுக்கிற மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் ராஜா குரலுக்காகத் தொண்டையைக் கட்டிக் கட்டிப் பேசினேன், இப்போது ஆம்பளைக் குரலே ஓசியில் கிடைத்துவிட்டது. சிரிக்காதே. பேசிப் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் குழாயை மூடிவிட்டு வந்ததோடு சரி. அந்தச் சத்தத்தை என் வீட்டுக்காரர்கூடக் கேட்டதில்லை. கேட்க விடவும் மாட்டேன்.

நீ போன் செய்யும்போதெல்லாம் உன் பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். எடுத்து என்ன செய்வது? உலகத்தில் ஒருத்தியிடமாவது என் பழைய குரல் பழையபடி இருக்கட்டும் என்று நினைத்தேன். அது உன்னிடம்தான் இருந்தது. வந்து அதையும் கெடுத்துக்கொள்ளாதே.

வசனம் பேசாத ராஜாவை யார் பார்ப்பார்கள்? பிள்ளைகள் வேறு நாடகம் போட்டுக்கொள்ளட்டும். நீ ஊரிலேயே இரு.

கிளி


சங்கரன்கோவில்
16 செப்டம்பர் 2025

மகாராஜாவுக்கு,

பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. பொதிகை எக்ஸ்பிரஸில் தாம்பரம் வந்து, குன்றத்தூர் வழியாகப் பஸ் பிடித்து வருகிறேன். ஸ்கூலில் லீவும் சொல்லியாயிற்று, எனவே தடுக்காதே.

வசனம் பேசாத ராஜாவை யார் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறாய். எந்த ராஜாடி தானே கத்திக்கொண்டிருந்தான்? அதற்கென்று ஆள் வைத்திருந்தான். நீ கண்ணைக் காட்டு, கையைக் காட்டு. பக்கத்தில் நிற்கிற காவலாள் "மன்னர் கேட்கிறார்" என்று சொல்லுவாள். மொத்த வசனமும் என்னுடையது. மேடையில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். இந்த வயசில் உனக்காக அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு பேசப்போகிறேன். எனக்காக நீ சும்மா நிற்கக்கூட மாட்டாயா?

வீட்டில் நெட்டுருப் போட்டுக்கொண்டிருக்கிறேன். "ஏளா, மெதுவாச் சொல்லு, பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பாக்கான்" என்று எங்க வீட்டு ஐயா அலறுகிறார்.

பழைய குரல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, கிளி. அதை யாராலும் கெடுக்க முடியாது, உன்னாலும் முடியாது. நான் அதைக் கேட்க வரவில்லை. உன்னைப் பார்க்க வருகிறேன்.

அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்காதே. நான் கார்னரில் நின்றவள். பாடி வருகிறவள் தானாக உள்ளே வரட்டும் என்று காத்திருந்தே பழக்கம். முந்திப் பாய்ந்தால் கால் சிக்காது.

உன் காவலாள்,
செல்வி


மண்ணூர்
22 செப்டம்பர் 2025

செல்வி,

வந்து தொலை.

ஆனால் காலைப் பிடிக்கக் கூடாது. குப்புற விழுந்து துளை அடைபட்டால் என் டாக்டர் உன்னைச் சும்மா விட மாட்டார். கழுத்துத் துணியை அவிழ்க்க மாட்டேன். வால்வில் பேசிக்காட்டு என்று ஒரு வார்த்தை கேட்டாலும் வந்த பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பிவிடுவேன்.

சுகப்பிரியா ஜிகினா அட்டையில் கிரீடம் செய்கிறாள். உருண்டு போகாமலிருக்கத் தாடைக்குக் கயிறு வைத்திருக்கிறாள்.

அல்வா வேண்டாம். வாசம் தெரியாதவளுக்கு அது வீண். காரச்சேவு கொண்டுவா, காரம் மட்டும் தெரிகிறது.

கிளி


சங்கரன்கோவில்
6 அக்டோபர் 2025

என் ராஜாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தொண்டை கட்டிவிட்டது, எனக்கு. வசனம் பேசிய கூலி.

நீ மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது. பக்கத்தில் முழங்காலிட்டிருந்த நான் பார்த்தேன். அதை எழுதாமல் எனக்குச் சோறு இறங்காது.

முதலில் டிரெய்லர். நான் எத்தனையோ மேடை பார்த்திருக்கிறேன், அப்படியொன்றைப் பார்த்ததில்லை. கழுவித் துடைத்து, சக்கரத்துக்குச் சக்கரம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழை கட்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நிற்கிறது, தேரா லாரியா என்று தெரியவில்லை. தணிகாசலம் அண்ணன் வேறு, "பார்த்து ஆடுங்கம்மா, புது பெயிண்டு அடிச்சிக்கினு வந்து கீறேன்" என்று கீழே நின்று பதறிக்கொண்டிருந்தார். எதிரே நம் பிள்ளைகள், பக்கத்து ஹாஸ்டல் ஒடிசாப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் ஊர்ச் சனம். வெயில் சாய்ந்து கம்பெனிக் கூரைகளெல்லாம் மின்னிக்கொண்டிருந்தன.

நீ ஏணியில் ஏறி வந்தாய். சிவப்புத் திரைச்சீலை அங்கி, கழுத்தில் துணி, மை மீசை. வந்து நின்றாய், அவ்வளவுதான். ஒருவரும் ஒன்றும் சொல்லாமலே அந்த மனை அடங்கிப்போயிற்று. முன்பெல்லாம் உன் குரலுக்குத்தான் சபை அடங்குகிறது என்று நினைத்திருந்தேன். அது குரலுக்கு இல்லை, உனக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வழக்கம்போல எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நீ புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாய். "மன்னர் கேட்கிறார்!" என்று என் வாயிலிருந்து வந்ததே, அது நான் பேசியதா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்.

கடைசிக் காட்சி. என் தோளைத் தொட்டாய், "நீயுமா தூங்குகிறாய் என்று மன்னர் கேட்கிறார்" என்று என்னிடமே நான் சொல்லிக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நீ திரும்பினாய். பேசிவைத்தபடி நான் காலைப் பிடிக்கவில்லை. நீ நடந்து போக வேண்டும், நாடகம் முடிய வேண்டும். நீ போகவில்லை. மறுபடி திரும்பி வந்து, முன்னைவிட அழுத்தமாக என் தோளைத் தொட்டாய். பிறகு திரும்பி, வலது காலைப் பின்னால் விட்டுவிட்டு நின்றாய். கபடி தெரிந்த எவளும் அப்படிக் காலை விட்டுவைக்க மாட்டாள்.

ஈட்டியைக் கீழே வைத்தேன். முழங்காலிட்டு, பூப்போல உன் கணுக்காலைப் பிடித்தேன். நீ என் தோளில் கையூன்றி மெல்ல உட்கார்ந்து, மெல்லப் படுத்தாய். அடுத்த வசனம் நான் சொல்ல வேண்டியது. தெரியும், வாய்வரை வந்தது. ஆனால் உன் கால் என் கையில் இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கீழே சுகப்பிரியா வாயசைத்து வாயசைத்து எடுத்துக் கொடுக்கிறாள். எனக்கு வரவில்லை.

அப்போது நீ கழுத்துத் துணியை அவிழ்த்தாய்.

எல்லாரும் பார்க்க அந்தத் துளையில் கட்டைவிரலை வைத்தாய். "நாட்டில்..." என்றாய். மூச்சு எடுத்தாய். "ஒருவனாவது... விழித்திருக்கிறான்." மறுபடி மூச்சு. "இனி நான்... தூங்குவேன்." கண்ணை மூடிக்கொண்டாய்.

தகர டின் என்று எழுதியிருந்தாயே, உன் காதில் என்ன கோளாறு? கல்லை நகர்த்திக்கொண்டு ஒன்று வெளியே வருகிற மாதிரி வந்தது அந்தக் குரல். பழைய குரலைக் கேட்டு நான் வாயடைத்துப் போயிருக்கிறேன். இதைக் கேட்டு, கும்பிடத் தோன்றியது.

இனி நீ பார்க்காதது. ஒருவரும் கைதட்டவில்லை, கைதட்டத் தோன்றவில்லை. தமிழ் தெரியாத ஒடிசாப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். திருஷ்டி சுற்றி உடைக்கப் பூசணிக்காயோடு வண்டிக்குப் பின்னால் நின்றிருந்த முனிரத்தினம் அண்ணன் அதைத் தடாலென்று கீழே போட்டுவிட்டார். தணிகாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வூட்ல பேசுது நைனா, கேட்டியா? எங்க வூட்ல பேசுது!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் எழுந்தார்கள். கை தட்டினால் போதாதென்று டிரெய்லரின் இரும்பைத் தட்டினார்கள். படுத்திருந்த உனக்கு அந்த அதிர்வு முதுகில் தெரிந்திருக்கும்.

மறுநாள் பஸ் ஏற்றிவிட வந்தபோது மறுபடியும் துணியைக் கட்டிக்கொண்டாய். கை மட்டும் ஆட்டினாய். நானும் ஒன்றும் கேட்கவில்லை, நிபந்தனை நிபந்தனைதான். இப்போதும் கேட்கப்போவதில்லை. வசனத்தை விட்டதற்கு மட்டும் இந்தக் காவலாளை மன்னித்துவிடு. அழுகைதான் காரணம்.

செல்வி


மண்ணூர்
13 அக்டோபர் 2025

அன்புள்ள செல்வி,

அழுகை வந்ததால் வசனம் விட்டுப்போயிற்று என்று எழுதியிருக்கிறாய். நம்பிவிட்டதாகவே வைத்துக்கொள். ஆனால் முந்திப் பாய்ந்தால் கால் சிக்காது என்று போன மாதம் எனக்கு எழுதியவள் யார்? கார்னர்காரியை நம்பி உள்ளே வந்தது என் தப்பு. இரண்டாவது தடவையும் பிடித்துவிட்டாய், இந்த முறை வாயை மூடிக்கொண்டே.

நீ போனபிறகு என் வீட்டுக்காரரிடம் அந்தப் பூசணிக்காய் விஷயத்தை எடுத்தேன். "ஒரு பூசணிக்காயைக்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா?" என்று துளையை அடைத்துக்கொண்டு கேட்டேன். ஆப்பரேசனுக்குப் பிறகு வீட்டில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னொரு வாட்டி திட்டேன்மே" என்று பின்னாலேயே வருகிறார். கேட்டால் திட்டு வருமா? அதற்கும் அவர் ஏதாவது செய்ய வேண்டும், செய்கிறார்.

சாப்பாட்டுக்கு இப்போது குரல் கொடுத்துத்தான் கூப்பிடுகிறேன். தட்டுச் சத்தமே தேவலை என்று மூன்றாவது மாடியில் பேச்சு. சுகப்பிரியாதான் மொழிபெயர்ப்பாளர். ஷிப்டுக்குப் போகிற ஒடிசாப் பிள்ளைகள் என்னைக் கண்டால் கட்டைவிரலைக் கழுத்தில் வைத்து சல்யூட் அடித்துவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள். முதல் நாள் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. நேற்று நானும் திருப்பி அடித்தேன்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். கும்பிடத் தோன்றியது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்துக்கு வந்ததும் மடித்து வைத்துவிடுவேன். பிறகு எடுத்துப் படிப்பேன். பேசியது நான்தானா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

போதும் செல்வி, இனி கவர் வாங்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய். எடுக்கிறேன். எடுத்ததும் முதலில் வெறும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். நடுக்கோட்டைத் தாண்டுவதற்கு முன்னால் ஒருத்தி மூச்சு இழுக்கிறாள் என்று நினைத்துக்கொள். பயந்துபோய் வைத்துவிடாதே.

கிளி